பெயருக்கு முன்னால் ஒரு ‘ஓப்பன்’

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்றொரு சிற்றூர். அங்கிருந்த பழைய கம்பளி ஆலையில் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்து, 70,000 டாலர் முதலுடன் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்பது முழுப்பெயர்; வழக்கில் ‘டெக்’. 1990 அளவில் அங்கே 1,20,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கணினித் தொழிலில் ஐபிஎம்முக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

அந்த நாளில் கணினி வாங்குவது சம்பந்தம் வைத்துக்கொள்வதைப் போன்றது. இயந்திரம் யாருடையதோ அவர்களுடையதே ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், டெர்மினல், கையேடு எல்லாம். ஒரு கணினிக்கென்று எழுதிய புரோகிராமை இன்னொருவர் கணினியில் ஓட்டவேண்டுமானால் பெரும்பாலும் மறுபடி எழுதவேண்டும். ஆகவே, வாங்கியவர் அவ்வளவு எளிதில் பிரிந்து போகமாட்டார்.

டெக் வீட்டுச் சம்பந்தம் கசக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1977 அக்டோபரில் டெக்கின் வாக்ஸ் 11/780 கணினி வந்தது. அதற்கெனவே எழுதப்பட்ட ஆபரேட்டிங் சிஸ்டம் விஎம்எஸ். ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாது; பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி, அதன் பிறகு 1, 2, 3 என்று பதிப்பு எண் ஏறிக்கொண்டே போகும். அழிக்க வேண்டுமானால் எந்தப் பதிப்பை என்று குறிப்பிட்டாக வேண்டும். கட்டளைகள் முழு ஆங்கிலச் சொற்கள். பிழை நேர்ந்தால் எந்தப் பகுதியில், எவ்வளவு கடுமையாக, என்ன கோளாறு என்று ஒரே ஒழுங்கில் செய்தி வரும். கையேடுகள் ஓர் அலமாரியையே அடைத்துக்கொள்ளும்.

யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இதற்கு நேர்மாறு. இரண்டெழுத்துக் கட்டளை, அழி என்றால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். ஓல்சன் அதைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பேசினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் யூனிக்ஸை முதலில் எழுதியது டெக்கின் பிடிபி-7 கணினியில்தான். தன் வீட்டுத் திண்ணையில் பிறந்த பிள்ளையை டெக் கடைசிவரை முழு மனதோடு உள்ளே அழைக்கவில்லை. 1984-இல் அல்ட்ரிக்ஸ் என்ற பெயரில் தானே ஒரு யூனிக்ஸை விற்கத் தொடங்கியபோதும் கூடத்தில் வீற்றிருந்தது விஎம்எஸ்தான்.

காலம் வேறு பக்கம் திரும்பியது. பல நிறுவனங்கள் பல விதமான யூனிக்ஸை விற்க, அவற்றுக்குப் பொதுவான இலக்கணமாக 1988-இல் ஐஈஈஈ அமைப்பு ‘போசிக்ஸ்’ என்ற தரத்தை வெளியிட்டது. அந்தப் பெயரைச் சொன்னவர் புரோகிராமர் ரிச்சர்ட் ஸ்டால்மன். உள்ளே எப்படிக் கட்டினாலும் சரி, புரோகிராம் கேட்கும்போது இன்ன பெயரில், இன்ன முறையில், இன்ன விடை தரவேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்க அரசும் தன் கொள்முதல் விதிகளில் அதைச் சேர்த்தது. அரசு வாங்கும் இடத்தில் நிற்க வேண்டுமானால் இனி அந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

1992 ஜூலையில் விஎம்எஸ், ‘ஓப்பன்விஎம்எஸ்’ ஆனது. போசிக்ஸை ஏற்றுக்கொண்டதைப் பெயரிலேயே அறிவித்தார்கள். அதே ஆண்டு டெக்கின் ஆல்ஃபா என்ற 64 பிட் சிப் வந்தது. வாக்ஸோடு இருந்த பிணைப்பை அவிழ்க்கவும் புதிய பெயர் உதவியது. ஓல்சன் பதவி விலகியதும் அந்த ஆண்டில்தான்.

பெயரை மாற்றுவது சுலபம். வேலை கடினமாக இருந்தது. யூனிக்ஸுக்கு ஃபைல் என்பது பைட்டுகளின் ஓட்டம், அவ்வளவே. விஎம்எஸ்ஸுக்கோ அது பதிவேடு. எந்த வகை, எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் முன்பே எழுதியிருக்கும். யூனிக்ஸ் சிறு வேலைக்கும் ஒரு புதிய பிராசஸைப் பெற்றுப்போடும். விஎம்எஸ்ஸில் பிராசஸ் என்பது கனமான சரக்கு, பார்த்துத்தான் உண்டாக்க வேண்டும். போசிக்ஸ் தனித் தொகுப்பாக மேலே ஒட்டப்பட்டது. சில ஆண்டுகளில் கைவிடவும் பட்டது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எழுதியபடியே நிற்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் கணிப்பில், அந்தத் தரத்தால் டெக் பிழைக்கவில்லை. தாமதம் மட்டுமே அதற்குக் காரணம் என்றும் சொல்லமாட்டேன். மலிவான பிசிக்கள் கீழிருந்து அரித்துக்கொண்டிருந்தன. 1998-இல் பிசி தயாரித்து வளர்ந்த காம்பேக் நிறுவனம் 960 கோடி டாலருக்கு டெக்கை வாங்கியது. 2002-இல் காம்பேக்கும் எச்பியிடம் போயிற்று.

விஎம்எஸ் மட்டும் வீடு மாறி மாறி வாழ்ந்தது. இந்தியாவிலும் அது வேலை பார்த்தது. 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறியபோது, சிஎம்சி நிறுவனம் எழுதிய ‘இம்ப்ரெஸ்’ மென்பொருள் ஓடியது வாக்ஸ் கணினியில். 1999-இல் ‘கான்செர்ட்’ மென்பொருள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களை இணைத்தபோதும் அடியில் இருந்தது ஓப்பன்விஎம்எஸ். நள்ளிரவு முதல் வரிசையில் நின்று, ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? 2009 வாக்கில் விஎம்எஸ்ஸின் பொறியியல் வேலையே பெங்களூருக்கு வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1991 ஜூலையில், அந்தப் பெயர் மாற்றத்துக்கு ஓராண்டு முன்னால், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் போசிக்ஸ் தர ஆவணம் எங்கே கிடைக்கும் என்று இணையக் குழுவொன்றில் விசாரித்தார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பல்கலைக்கழகத்தில் அவர் யூனிக்ஸ் பழகிய இயந்திரம் டெக்கின் மைக்ரோவாக்ஸ், அதில் இருந்தது அல்ட்ரிக்ஸ். லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம் மேல்பூச்சாகப் பூசிய அதே இலக்கணத்தை, அவர் தன் அறையில் அடித்தளமாக வைத்து லினக்ஸ் எழுதினார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பது அந்த லினக்ஸ்.

2014-இல் எச்பியிடமிருந்து உரிமம் பெற்று விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் பொறுப்பேற்றது. அவர்கள் 2022-இல் வெளியிட்ட 9.2 பதிப்பு சாதாரண இன்டெல் வகை சிப்களில் ஓடுகிறது. அதுவும் பெரும்பாலும் விர்ச்சுவல் மெஷினாக. லினக்ஸ் ஏற்றிய சர்வரில் கேவிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் வசதி வழியாகவும் அதை நிறுவலாம். அப்படி ஒரு லினக்ஸ் வீட்டில் குடியிருக்கும் விஎம்எஸ்ஸில் ஃபைலைத் திருத்திச் சேமித்தால், பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளியும் பதிப்பு எண்ணும் இப்போதும் வருகின்றன.