சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மஞ்சள் கேப்சூல் சாப்பிடலாமா?

ரசத்தில் போடுகிற மஞ்சள்தானே, அதையே கேப்சூலாகப் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? கிரியாட்டினின் ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்த வீடுகளில் எழும் கேள்வி இது. ‘அழற்சியைக் குறைக்கும், கிட்னிக்கு நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, டாக்டரிடம் சொல்லாமலேயே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு.

வாட்ஸ்அப் தகவல் முழுப் பொய்யும் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தேங்குவது இதற்கு ஒரு காரணம். இதய நோய்க்கும் இது வழிவிடுகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் அழற்சியைத் தணிப்பதை ஆய்வகங்களில் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

ஆனால், ஆய்வகக் குடுவை வேறு, நோயாளியின் உடம்பு வேறு. 2011-ல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்த 40 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 3 வேளை 500 மில்லிகிராம் மஞ்சள் கொடுத்தார்கள். 2 மாதத்தில் அவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கனடாவில் 500-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம், உடம்பு எளிதாக உறிஞ்சும்படி நுண்துகளாக்கிய குர்குமினை 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியான முடிவு: புரத ஒழுகலிலும் சரி, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனிலும் சரி, குர்குமின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று விட்டுவிட முடியாது. மஞ்சள்தூளில் ஏறக்குறைய 2 சதவீதம் ஆக்சலேட். பட்டையிலும் இது உண்டு என்றாலும், மஞ்சளில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும் வகை. குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடும். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினமும் சுமார் 3 கிராம் மஞ்சள் எடுத்த ஆரோக்கியமானவர்களுக்கே சிறுநீரில் ஆக்சலேட் கூடியது. பட்டை எடுத்தபோது கூடவில்லை. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். பழுதான கிட்னியில் அது படிகமாகத் தங்கி இன்னும் கெடுக்கும். மஞ்சள் கேப்சூலை நீண்டகாலம் எடுத்ததால் இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

‘எங்களுடையது தூள் இல்லை, சுத்தமான குர்குமின்’ என்று சில டப்பாக்களில் போட்டிருக்கும். அதில் ஆக்சலேட் கவலை குறைவு. ஆனால் குர்குமினை உடம்பு லேசில் உறிஞ்சாது என்பதால் மிளகுச் சத்தான பைபரினைச் சேர்த்துவிடுகிறார்கள். பைபரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-லேயே பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பைபரின் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம். அப்படித் தடுக்கும்போது குர்குமின் மட்டும் தங்காது, மற்ற மருந்துகளும் ரத்தத்தில் தங்கிவிடலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து கொஞ்சம் குறைந்தால் உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். மஞ்சளை அளவுக்கு மீறி எடுத்தவருக்கு டாக்ரோலிமஸ் நச்சு அளவுக்கு ஏறியதும் பதிவாகியிருக்கிறது. வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

அப்போ சாம்பாரில் மஞ்சள் போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். நாலு பேர் சாப்பிடும் குழம்பில் கால் டீஸ்பூன் மஞ்சள் என்றால் ஒருவர் பங்குக்கு வருவது கால் கிராம்கூட இல்லை. அதில் குர்குமின் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். கடையில் விற்கும் ஒரு கேப்சூலிலோ 500 மில்லிகிராம் வரை இருக்கிறது.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடலாம். ‘அது மருந்து இல்லையே’ என்று மாத்திரைப் பட்டியலில் பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.