மகனை வைத்துக்கொண்டு கேட்க முடியாத கேள்வி

கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு இருதய கிளினிக்குக்குப் போகும் தமிழர் பலர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை மகனோ மருமகளோ தமிழில் சொல்ல வேண்டும். நெஞ்சுநோ, சீனி வருத்தம், உப்பு, எண்ணெய் எல்லாம் இந்த வழியாகப் போய்வரும். "இனி மனைவியோடு சேரலாமா?" என்ற கேள்வி மட்டும் போகாது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுகிறவருக்கு மொழிச் சிக்கல் குறைவு. ஆனால் கிடைப்பது சில நிமிடம். அடுத்த இலக்கக்காரர் கதவடியில் நிற்பார்.

கேட்காமல் வீட்டுக்கு வந்தால், காற்று வரட்டும் என்று ஹோலில் கட்டில் போடுவார்கள். கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தம் வந்து பார்த்துவிட்டுப் போகும். கட்டில் அங்கேயே கிடக்கும். அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று மனைவிக்குப் பயம். மனைவிக்கு விருப்பமில்லைபோல என்று அவருக்கு நினைப்பு. கேட்காமலே டொக்டர் சொல்லி, டிஸ்சார்ஜ் துண்டிலும் எழுதிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது என்பது என் கட்சி.

இதயத்துக்கு உறவு உண்மையில் எவ்வளவு வேலை? சும்மா உட்கார்ந்திருக்கையில் உடல் செலவிடும் சக்தியை ஒரு பங்கு என்று வைத்தால், பழகிய துணையோடு சேர்வதற்கு 3 முதல் 5 பங்கு வரை போதும். இரத்த அழுத்தம் சாதாரணமாக உள்ளவருக்கு, உச்சத்தில்கூட நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தாண்டுவது அரிது. அந்த உச்சமும் சில விநாடிகள்தான். ஹெலர்ஸ்டீன், ஃப்ரீட்மன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1970இல் நடுத்தர வயதுக் கணவன்மாரை அளந்து பார்த்தார்கள். உறவின்போது எட்டிய உச்சத் துடிப்பு சராசரியாக 117. அதே ஆட்கள் வழமையான வேலையில் இருந்தபோது எட்டியது 120. ஆனாலும் கந்தோருக்கு எப்போது போகலாம் என்று கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை.

இதனால்தான் மருத்துவர்கள் மாடிப்படியை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தை ஃபிளாட்காரர் இதற்கு எங்கும் போகத் தேவையில்லை. மரைன் டிரைவில் சற்று விரைவாக நடந்துவிட்டு, லிஃப்டை விட்டு இரண்டு மாடி ஏறலாம். நெஞ்சுநோ, மூச்சிரைப்பு, தலைச்சுற்று எதுவும் இல்லையென்றால் இதயம் அந்த வேலையைத் தாங்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஏறிப் பார்க்கிற சோதனை அல்ல இது. மாடி ஏறலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு செய்வது. சந்தேகம் இருந்தால் ஈசிஜி கம்பிகளை ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

பைபாஸ் செய்தவருக்கு இதயத்தைவிட மார்பெலும்புதான் தாமதப்படுத்தும். அதை நடுவால் அறுத்துத் திறந்து, முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி உள்ளேயே இருக்கும். எலும்பு பொருந்துவதற்குக் காலம் வேண்டும். அமெரிக்க இருதயச் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, காயம் நன்றாக ஆறியிருந்தால் 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு சேரலாம் என்கிறது. அப்போதும் கைகளை ஊன்றி உடற்பாரத்தைத் தாங்குவதும், நெஞ்சில் பாரம் விழுவதும் வேண்டாம். பக்கவாட்டில் படுப்பது எளிது. மார்புக்குள் 'டிக்' என்று எலும்பு அசைவது தெரிந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டென்ட் மட்டும் வைத்தவருக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை; கைமணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள துளை ஆறி, வேறு சிக்கலும் இல்லாவிட்டால் சில நாட்கள் போதும்.

கட்டிலிலேயே உயிர் போய்விடும் என்ற கதைகளை எல்லோரும் கேட்டிருப்போம். ஜப்பானில் உவெனோ என்பவர் 5,559 திடீர் மரணங்களை ஆராய்ந்து 1963இல் எழுதினார். உறவின்போது நிகழ்ந்தவை 34. அவற்றிலும் பெரும்பாலானவை சொந்த வீட்டுக்கு வெளியே, வேறொருவரோடு. பழக்கமில்லாத இடம், வயிறுமுட்டச் சாப்பாடு, குடி, பிடிபடும் பதற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

உண்மையான ஆபத்து குளிசையில் இருக்கிறது. வயாகரா என்று பேர்பெற்ற சில்டனாஃபில், முதலில் நெஞ்சுநோவுக்கென்றே ஆராயப்பட்ட மருந்து. 1998இல்தான் இன்றைய வேலைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாக்குக்குக் கீழே வைக்கும் ஜிரிஎன், தினமும் எடுக்கும் ஐசோசோர்பைட் போன்ற நைட்ரேட்டுகளோடும் நிக்கோரன்டிலோடும் இது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், அதே வகையைச் சேர்ந்த டடலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் நைட்ரேட் தொடவே கூடாது. "மூலிகைதான், பக்கவிளைவில்லை" என்று விற்கப்படும் வீரியப் பொடிகள் சிலவற்றில் பெயர் போடாமல் இதே சில்டனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பீட்டா புளொக்கரால் ஆண்மை குறைகிறது என்று தோன்றினால், நீங்களாக நிறுத்தாமல் மாற்று மருந்து கேளுங்கள்.

பெண்களுக்கு யார் சொல்வது? வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டு, இளவயதிலேயே உலோக வால்வு பொருத்தியவர்கள் உண்டு. அவர்கள் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வோபரின் எடுக்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அது கருவைப் பாதிக்கலாம். கருத்தடைக் குளிசையிலும் ஈஸ்ட்ரஜன் உள்ளவை இரத்தம் உறைவதைக் கூட்டும். ஆகவே மறுபடி சேருமுன் கருத்தடை பற்றி இருதய டொக்டரிடமே பேசிவிட வேண்டும். தழும்பு உறுத்தினால் மென்மையான, தாங்கிப்பிடிக்கும் உள்ளாடை உதவும்.

உறவின் நடுவில் நெஞ்சுநோ வந்தால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். வயாகரா வகை எதுவும் எடுக்காதவர் டொக்டர் தந்த ஜிரிஎன்னை நாக்குக்குக் கீழே வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் நோ போகாவிட்டால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வயாகரா வகை எடுத்தவராக இருந்தால் ஜிரிஎன் வைக்காமல் உடனேயே 1990க்கு அடித்து, எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்பதை அம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.