108, 112, 1930... இந்தக் ‘குட்டி’ நம்பர்களை யார் கொடுக்கிறார்கள்?

வங்கிக் கணக்கில் பணம் போய்விட்ட பதற்றத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ நம்பர் தேடி, மோசடிக்காரர்களே போட்டு வைத்த பத்து இலக்க எண்ணுக்குப் போன் செய்து, மிச்சப் பணத்தையும் இழந்தவர்கள் உண்டு. ஆனால், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 போன்ற எண்ணை, கடையில் சிம் வாங்குவதுபோல யாரும் வாங்கிவிட முடியாது. ‘ஷார்ட் கோடு’ எனப்படும் இந்த எண்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

யார் ஒதுக்குவது?

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைதான். 2003-ம் ஆண்டின் தேசிய எண் திட்டத்தின்படி, எந்த எண் யாருக்கு என்பதை அதுவே முடிவு செய்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்யலாம். ஒதுக்கும் அதிகாரம் துறையிடமே இருக்கிறது.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் என்ன?

எண்கள் தீர்ந்துவிடும். மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல் தொடங்குகின்றன. 0 எஸ்டிடிக்குப் போய்விட்டது. சிறப்புச் சேவைகளுக்கு 1-ல் தொடங்கும் எண்கள்தான். அதில் மூன்று இலக்க எண்கள் மொத்தமே 100. டோல்ஃப்ரீ 1800, விளம்பர அழைப்புகளுக்கான 140 வரிசை ஆகியவையும் இதே 1-க்குள்தான் இடம்பிடித்திருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. 100-ஐ போலீசுக்குக் கொடுத்தால், 1000 முதல் 1009 வரையுள்ள பத்து எண்களும் போச்சு. லேண்ட்லைனில் 1, 0, 0 என்று அழுத்தியதுமே அழைப்பு காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். நான்காவது இலக்கத்துக்கு இணைப்பகம் காத்திருக்காது. இதேபோல, குழந்தைகளுக்கான 1098 இருக்கும்வரை 109-ஐத் தனி எண்ணாகக் கொடுக்க முடியாது.

அப்படியென்றால் நீளமான எண் கொடுக்கலாமே?

கொடுத்தும் பார்த்தார்கள். சைபர் மோசடி ஹெல்ப்லைன் 2021-ல் 155260 என்ற ஆறு இலக்க எண்ணுடன்தான் வந்தது. 155-ஐத் தனியாக யாருக்கும் கொடுக்காமல் வைத்தால், அதன்கீழ் இப்படி 1,000 எண்கள் கிடைக்கும். கணக்குக்கு இது சரி. ஆனால், பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆறு இலக்கம் யாருக்கு நினைவிருக்கும்? 2022-ல் அது 1930 ஆனது.

நினைவில் நிற்பதற்கு நல்ல உதாரணம் 1098. மும்பையில் 1996-ல் தொடங்கிய சைல்டுலைன் எண் இது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் மறக்காது.

112 ஏன் வந்தது?

போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, பெண்களுக்கு 181... பட்டியல் நீண்டால் ஆபத்தில் இருப்பவர் குழம்பிப்போவார். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 112-ஐக் கொண்டுவரும்படி 2015-ல் டிராய் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் முதலில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிந்தது.

112-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் 1991-லேயே பொது அவசர எண்ணாக முடிவான இது, மொபைல் தொழில்நுட்பத் தரத்திலும் இடம்பெற்றது. அதனால் போன் பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பாகப் போகும். இந்தியாவில் 2016-ல் வந்த விதியின்படி, பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினாலும் அவசர அழைப்பு போக வேண்டும். ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் அப்பா, அம்மாவுக்குச் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது.

இனி என்ன மாற்றம்?

குறுகிய எண்களை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே, கட்டணமின்றி ஒதுக்க வேண்டும்; அவை உண்மையில் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என 2025 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. வங்கிகளின் அழைப்பை மோசடி அழைப்பிலிருந்து பிரித்துக்காட்ட, 1600-ல் தொடங்கும் பத்து இலக்க எண் வரிசையும் வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். எனவே 1930-லிருந்து பேசுவதாக யாராவது அழைத்தால் நம்ப வேண்டாம். கட் செய்துவிட்டு, நீங்களே அந்த எண்ணை அழுத்துவதுதான் பாதுகாப்பு.

போனில் சேமித்துக்கொள்ள: அவசரம் 112, சைபர் மோசடி 1930, குழந்தைகள் 1098, பெண்கள் 181, மனநல ஆலோசனை 14416.

எண்ணை ஒதுக்குவதோடு அரசின் வேலை முடிந்துவிடுவதில்லை. நான்கே இலக்கத்தை நினைவில் வைத்து அழைப்பவருக்கு மறுமுனையில் யாராவது எடுத்துப் பேச வேண்டும். டிராய் கேட்கும் ஆண்டுத் தணிக்கைக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.