உடலோடு வளையும் கரிம இழைகள்

 

அடுப்புக்கரியைக் கண்டு வியப்பவர் யாருமில்லை. கையில் பட்டால் கழுவிவிட்டுப் போகிறோம். ஆயினும் அந்தக் கரியும், பென்சிலின் உள்ளே இருக்கும் கருங்குச்சியும், நகையில் பதிக்கும் வைரமும் கரிமம் என்னும் ஒரே தனிமத்தையே முதன்மையாகக் கொண்டவை. அணுக்கள் இணைந்திருக்கும் முறை வேறு. ஆதலால் குணமும் வேறு. அதே கரிமம் இன்று மெல்லிய இழையாக உருப்பெற்று, மனித உடலின் நிலையை அறிவிக்கும் கருவியாகி வருகின்றது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கம்பிவலையும் குழாயும்

கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் பாருங்கள். அதில் ஆறு பக்கங்களையுடைய கண்கள் வரிசையாக அமைந்திருக்கும். பென்சிற்கரியிலும் கரிம அணுக்கள் இவ்வாறே அறுகோணங்களாக இணைந்து, ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஓர் ஏட்டைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, விளிம்புகளைப் பொருத்திவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுவே கரிம நானோ குழாயின் வடிவமாகும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். ஒற்றைச் சுவருடைய கரிமக் குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் தடிப்போ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்! ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991ஆம் ஆண்டில் இத்தகைய குழாய்களை மின்னணு நுண்ணோக்கியின் வழியே கண்டு விளக்கி எழுதினார். அதன் பின்னரே உலகின் கவனம் இவற்றின்பால் திரும்பியது. ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993இல் அறியப்பட்டன. 1998இல் ஒரே ஒரு குழாயைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்து காட்டினர். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிறு கணினியொன்றையே இக்குழாய்களால் அமைத்தனர்.

வளைவதால் வரும் பயன்

கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள சில்லுகள் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கான் திறமையானது, ஆனால் கண்ணாடியைப் போல் வளைத்தால் முறியும். நம் உடலோ சுவர் அன்று. மணிக்கட்டு திரும்புகிறது, முழங்கை மடங்குகிறது, மூச்சுவிடுந்தோறும் மார்பு எழுந்து தாழ்கிறது. உடலோடு ஒட்டியிருக்க வேண்டிய கருவி உடலோடு சேர்ந்து வளைய வேண்டும்.

கரிமக் குழாய்கள் உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே உடையவை, மின்சாரத்தையும் கடத்துபவை. அவற்றை நீர்மத்தில் கலந்து மைபோல் ஆக்கி, பிளாஸ்டிக் தாளின்மீதோ ரப்பர்ப் படலத்தின்மீதோ பூசலாம். குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, மீன்வலைபோல் பின்னிக்கொள்ளும். படலத்தை வளைத்தாலும் மின்சாரம் செல்ல வேறு வழிகள் அவ்வலையில் இருக்கும். ரப்பரோடு கரியைச் சேர்ப்பது புதிய செய்தியன்று. வண்டிச் சக்கரத்தின் டயர் கறுப்பாக இருப்பதும், தேயாமல் நெடுநாள் உழைப்பதும் அதில் கலந்த கரித்தூளினால்தான்.

இப்படலத்தை மணிக்கட்டில் ஒட்டினால், நாடி துடிக்குந்தோறும் தோல் இம்மியளவு உயர்ந்து படலத்தை இழுக்கும். அப்போது குழாய்கள் தொட்டுக்கொள்ளும் இடங்கள் விலகும், மின்தடை கூடும். தோல் தாழ்ந்தால் தடையும் குறையும். இந்த ஏற்றத்தாழ்வைப் பதிவு செய்தால் நாடித்துடிப்பு அலையலையாகத் தெரியும். ஒற்றைச் சுவர்க் குழாயில் அணுக்கள் யாவும் மேற்பரப்பிலேயே உள்ளன. ஆகையால் வேற்றுப் பொருளின் மூலக்கூறுகள் சில வந்து ஒட்டினாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறுபடும். வியர்வையில் உள்ள பொருள்களை அறியும் முயற்சிகளுக்கு இப்பண்பே அடிப்படை.

நமக்கு இதனால் என்ன?

நோய்கள் எல்லாம் வலியோடு வருவதில்லை. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியுமின்றி உடலில் குடிகொள்ளும். இதயத் துடிப்பின் தாளம் தவறும் நோயும் அவ்வாறே. சிலருக்கு வந்து வந்து மறையும். கிளினிக்கில் சில நிமிடங்கள் சோதிக்கும்போது அது பிடிபடாமல் போகலாம். பின்னர் பக்கவாதத்திற்கே காரணமாகலாம். விடியுமுன் எழுந்து வெயிலில் உழைப்பவர்கள் ஒரு நாள் சம்பளம் போகுமே என்றெண்ணி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகின்றனர். அத்தகையோர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரவும் பகலும் இதயத்தைக் கவனிக்கும் மெல்லிய ஒட்டு எவ்வளவு பயன்தரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் உண்மையை உள்ளபடி கூற வேண்டும். இன்று கடைகளில் விற்கும் கைக்கடிகாரங்கள் பொதுவாகத் தோலில் ஒளியைப் பாய்ச்சியே நாடியைக் கணக்கிடுகின்றன. கரிமக் குழாய் ஒட்டுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. குழாய்களைச் செய்யும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத்தின் தன்மையுடனும், எஞ்சியவை குறைக்கடத்தியாகவும் கலந்தே பிறக்கின்றன. டிரான்சிஸ்டருக்குக் குறைக்கடத்தியே வேண்டும். நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதுபோல் இவற்றைப் பிரித்தாக வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இக்குழாய்களைத் தூளாக மூச்சில் இழுப்பது தீங்கானது. நீண்ட, விறைப்பான குழாய்கள் கல்நார் இழைகளைப் போன்ற கேட்டை விளைவிக்கும் என்று 2008ஆம் ஆண்டில் எலிகளிடம் நடந்த ஆய்வு எச்சரித்தது. அவற்றுள் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்னும் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014இல் சேர்த்தது. படலத்தினுள் இறுகப் பதிந்திருக்கும் குழாய் காற்றில் பறப்பதில்லை. ஆனால் தொழிற்சாலையில் அத்தூளைக் கையாளும் தொழிலாளிக்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். ஒருவரது நோயைக் கண்டறியும் கருவி, அதைச் செய்பவரை நோயாளியாக்கிவிடலாகாது அன்றோ?

மாணவர்களே! கருவி எண்ணைக் காட்டும், அவ்வளவே. அதன் பொருளை உணர்ந்து உரிய காலத்தில் மருத்துவரை நாடுவது மனிதரின் கடமை. புதிய ஒட்டு கடைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை அளக்கும் எளிய கருவி அரசாங்க கிளினிக்கில் இன்றே உள்ளது. பெற்றோரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லுங்கள். அறிவியல் பாடத்தையும் ஆர்வத்தோடு பயிலுங்கள். அடுப்புக்கரியின் தனிமத்தில் இதயத்தின் ஓசையைக் கேட்கும் வழியைக் கண்டவர்களும் ஒரு காலத்தில் உங்களைப்போல் பள்ளியில் அமர்ந்து பயின்ற மாணவர்களே. வருமுன் காப்போம், வளமுடன் வாழ்வோம்.