தெளிந்த நீரும் திருக்கை மீனும்

திருக்கை என்றதும் நம்மவர்களுக்குக் கடலும் குழம்பும்தான் நினைவுக்கு வரும். தென் அமெரிக்காவின் அமேசான், பரானா ஆறுகளில் நன்னீரிலேயே வாழும் திருக்கைகளும் உண்டு. அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி, புதுத் தொட்டியில் அன்றே விட்டேன். நீர் பளிங்கு போலிருந்தது. பத்தே நாளில், உடலின் ஓரங்கள் மேலே சுருண்டு, மீன் செத்துப்போனது. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல என்று அப்போதுதான் புரிந்தது. மீன் வெளியேற்றும் அமோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஃபில்டரில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். திருக்கையோ நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன்.

மறுமுறை, மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிட்டேன். அளவாக அமோனியா சேர்த்தேன். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, நண்பரின் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வைத்தேன். விட்ட அமோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் 0 என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகே மீன் வந்தது.

நைட்ரேட் சேராதிருக்க வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுகிறேன். குழாய் நீரின் குளோரின் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆகாது. அதை நீக்கியே ஊற்றுகிறேன். பஞ்சை அலசுவதும் தொட்டி நீரில்தான். வாலில் நச்சு முள் இருப்பதால், தொட்டிக்குள் கைவிடும்போது கவனம் தேவை.

குழந்தைகள் மீன் கடைக்கு இழுத்தால், "முதலில் தொட்டி, ஆறு வாரம் கழித்து மீன்" என்று சொல்லுங்கள்.