கதிர் சுட்ட மேனிக்குப் பச்சிலைப் பூச்சா?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வீடு முழுவதும் ஒடுங்கிப் போகின்றது. அந்த அச்சம் ஒருவாறு தெளிந்து, இனிக் கதிர்ச் சிகிச்சை என்று வைத்தியர் கூறும்போது வேறோர் அச்சம் தலைதூக்குகின்றது. "தோல் கருகிவிடுமாமே! கற்றாழை தடவினால் ஆகாதா? மஞ்சள் அரைத்துப் பூசினால் என்ன?" என்று தாய்மார் கேட்கின்றனர். சிகிச்சைக்காக மடவளையிலிருந்து கண்டிக்கு வாரக்கணக்கில் பஸ்ஸேறிச் செல்லும் ஒரு சகோதரிக்கு அயலவர் அன்போடு கூறும் கைமருந்துகள் பல. அவற்றுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை ஆராய்வோம்.

தோல் ஏன் சிவக்கின்றது?

ரொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895ஆம் ஆண்டில். அது தோலைப் புண்படுத்தும் என்பது மறு ஆண்டிலேயே தெரியவந்தது. 1901இல் பெக்கரல் என்னும் பேரறிஞர், சட்டைப்பையில் ரேடியம் வைத்திருந்ததால் உடலிலே புண்பட்டார்.

நமது மேற்றோலின் அடியிலுள்ள கலங்கள் ஓயாது பிரிந்து, உதிரும் தோலுக்கு ஈடாகப் புதுத்தோலை ஆக்குகின்றன. பிரியும் கலங்களையே கதிர் மிகுதியாகத் தாக்குகின்றது. ஆதலால் இரண்டு மூன்று வாரங்களில் தோல் சிவந்து அரிக்கும். பின்னர் உலர்ந்து உரியும். அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, கழுத்து ஆகிய இடங்களில் சிலருக்கு நீர் கசிவதும் உண்டு. சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் வரை கடுமை மிகுந்து, அதன்பின் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். இது அடுப்புச் சூடன்று; குளிர்ச்சியான பச்சிலை வைத்து இறக்கிவிட இயலாது.

பரீட்சையில் மூலிகைகள்

மூலிகைகளை அறிஞர்கள் புறக்கணித்துவிடவில்லை. பிரான்சில் லியோன் நகரில் 254 பெண்களிடையே நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கலெண்டுலா என்னும் பூவின் களிம்பைப் பூசியோரில் 41 சதவீதத்தினருக்கே கடும் தோலழற்சி கண்டது. வேறு களிம்பு பூசியோரிலோ அது 63 சதவீதம். ஆயினும் 2013இல் சுவீடனில் 400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், சாதாரணக் களிம்புக்கும் கலெண்டுலாவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அந்தப் பூ நாம் மாலை தொடுக்கும் செவ்வந்தியன்று என்பதையும் நினைவிற் கொள்க.

கற்றாழையின் கதை இன்னும் ஏமாற்றமானது. 2002இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், தோல் உலர்ந்து உரிவதைத் தடுப்பதில் கற்றாழைக் கூழைவிடச் சாதாரண நீர்க்களிம்பே மேலாக இருந்தது.

நம் மஞ்சளோ நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே தருகின்றது. மங்களூரில் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 50 பேரிடம் மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த களிம்பு சோதிக்கப்பட்டது. தோலழற்சி குறைந்ததென 2014இல் அறிவித்தனர். எனினும் 50 பேர் சிறு தொகையே. அமெரிக்காவில் 686 பெண்களுக்கு மஞ்சளின் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை.

இவையெல்லாம் தூய்மையாகத் தயாரித்த களிம்புகளையும் மாத்திரைகளையும் பற்றிய செய்திகள். அம்மியில் அரைத்த பச்சிலையோ கிருமிகளையும் உடன் கொண்டுவரும். கற்றாழையின் மஞ்சட்பால் அரிப்பைக் கூட்டும். மஞ்சட் பூச்சு, வைத்தியர் பார்க்கவேண்டிய சிவப்பை மறைத்துவிடும். சிகிச்சைக்குச் செல்லுமுன் எதையும் தடிப்பாக அப்பினால் தோலின் மேற்பரப்பில் கதிரின் அளவு கூடும்.

செய்யத்தக்கவை

இளஞ்சூட்டு நீராலும் வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தாலும் மெதுவாகக் கழுவுங்கள். கழுவவே கூடாது என்பது பழைய எண்ணம். தொழுகைக்கு வுழூச் செய்கையில் நீர் படுவதால் தீங்கில்லை. தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். தோலில் இட்ட அடையாளக் கோடுகளை அழிக்கவேண்டாம். தளர்ந்த பருத்தியாடை அணியுங்கள். கழுத்தில் சிகிச்சை பெறுவோர் முக்காட்டை இறுக்கி ஊசி குத்தலாகாது. வெயில் படாமலும் காத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் இசைந்த வாசனையற்ற களிம்பொன்றை மெல்லிதாகப் பூசிவந்தால் போதும். அழற்சி மிகுமாயின் அதற்கான ஸ்டீரொயிட் களிம்பை அவரே எழுதித் தருவார்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மார்பின் கீழே புண் கண்டதைச் சொல்ல நாணி மறைப்போர் உளர். பூசிய பச்சிலையைச் சொல்ல அஞ்சி மறைப்போரும் உளர். வேதனை பொறாமல் இடையிலே சிகிச்சையை நிறுத்துவோரும் உளர். இடைவெளி விழுந்தால் எஞ்சிய நோய்க்கலங்கள் மீண்டும் பெருக இடம் கிடைக்கின்றது. தோற்புண் பெரும்பாலும் ஆறிவிடும். வளரவிட்ட நோய் அப்படி ஆறுவதில்லை. ஆண் வைத்தியரிடம் கூறக் கூச்சமாயின் பெண் தாதியிடமாவது கூறுங்கள்.

அயலிலுள்ள அன்புள்ளங்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சிலை அரைத்துக் கொடுப்பதைவிட, பஸ்ஸில் ஒரு நாள் துணை போங்கள். ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுங்கள். ஐந்தாறு வாரச் சிகிச்சையை அவர் ஒரு நாளும் தவறாமல் முடிக்க அது உதவும்.