பரந்தன் சந்தியில் மூன்று வழிகள்

மலைக்கணவாய் ஒன்றைத் துவிச்சக்கர வண்டியிற் கடக்க விரும்புபவன் ஏற்றத்தையும் கல்லையும் கணக்கிட்டு வழியைத் தெரிந்துகொள்வான். பரந்தனிலோ ஏற்றமும் இல்லை, கல்லும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தரவையுமே. ஆயினும், ஒரு கணவாயைச் சுற்றிச் செல்லும் வழியைத் தெரிவது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிருந்த காலம் ஒன்று இவ்வூருக்கு உண்டு.

அக்கணவாய் ஆனையிறவு. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை முற்காலத்திற் குடாநாட்டுக்கு நடத்திச் சென்ற ஆழங்குறைந்த நீர்வழி அது. பின்னாளில் வீதியும் புகையிரதப் பாதையும் அவ்விடத்தே அமைந்தன. பரந்தனிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர். ஆறுதலாக மிதிப்பவருக்கும் ஒரு மணி நேரம் ஆகாது.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்தது. கண்டி வீதி அவ்விடத்தில் அடைபட்டது. எரிபொருளுக்குத் தடை. ஆசிரியரும் மாணவரும், நோயாளியும் வியாபாரியும், எல்லோரும் நம்பியது துவிச்சக்கர வண்டியையே. பரந்தன் சந்தியில் வந்து நின்றவர் முன் மூன்று திசைகள் இருந்தன. நேரே வடக்கு மூடிய வழி. வலப்புறம் முல்லைத்தீவு வீதி. முரசுமோட்டையில் திரும்பினால் ஊரியான். இடப்புறம் பூநகரி வீதி.

ஊரியானுக்கும் கொம்படிக்கும் இடையே கிடந்தது சேறும் பரவைக்கடலுமே. கோடையில் நீர் வற்றி உப்புப் பூத்த தரை ஓரளவு தாங்கும். மாரியிலோ களி சில்லைப் பிடித்துக்கொள்ளும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே அப்பி வண்டியை அசையவிடாது. அப்போது வண்டி மனிதனைச் சுமப்பதில்லை, மனிதனே வண்டியைச் சுமக்க வேண்டும். கரியரில் மண்ணெண்ணெய்க் கலனோ அரிசி மூட்டையோ இருந்தால் சொல்லவும் வேண்டுமா! கரையேறியதும் நன்னீரிற் கழுவி எண்ணெய் இடாதவரின் சங்கிலியை உப்பு விரைவிலேயே தின்றுவிடும். தேர்ந்த ஓட்டி பாரத்தைக் குறைப்பான், முன்னே சென்றவரின் தடத்தை நோக்குவான், காற்றையும் கேட்பான். சோளகம் வடக்கே செல்பவனைத் தள்ளிவிடும். திரும்புகையில் அதே காற்று நெஞ்சில் அறையும்.

1991 இன் பிற்பகுதியில் பூநகரியிற் படைமுகாம் அமைந்தது. சங்குப்பிட்டி, கேரதீவுப் படகுப் பாதையும் அற்றது. கொம்படி வழியும் பின்னர் மூடப்பட, எஞ்சியது கிளாலி. பூநகரி வீதியால் மேற்கே சென்று, கடல்நீரேரிக் கரையில் இருட்டும்வரை காத்திருந்து, வண்டிகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு அக்கரை சேரவேண்டும். இருள் அங்கே துணை, நிலவு பகை. காவியங்களில் நிலவைப் போற்றிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கடற்படைப் படகுகளின் கண்ணிற் படுவதே பேரச்சம். 1993 ஜனவரி 2 ஆம் நாள் கடற்படையின் தாக்குதலில் அந்நீரிற் பயணிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரும் வள்ளங்கள் ஓடின. வேறு வழி இல்லாதவரை அஞ்சாதவர் என்று புகழ்வது எனக்கு உடன்பாடன்று. அஞ்சிக்கொண்டே சென்றனர் என்பதே பொருத்தம்.

ஆகவே வழித்தேர்வு என்பது தூரத்தின் கணக்காக இருக்கவில்லை. சேறா, நீரா? பகலா, இரவா? தனியே செல்வதா, பிள்ளையையும் கொண்டுசெல்வதா? இக்கேள்விகளுக்கு எந்த வரைபடமும் விடை தரவில்லை. முதல் நாள் கடந்து வந்தவரின் வாய்மொழியே வழிகாட்டி. பரந்தனில் மிதிவண்டியை நிறுத்தி, எதிரே வருபவரின் காற்சட்டையில் ஒட்டிய சேற்றின் உயரத்தைப் பார்த்தாலே பாதி விடயம் விளங்கிவிடும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2002 இல் கண்டி வீதி திறந்தது. 2006 இல் மீண்டும் மூடிற்று. 2009 ஜனவரியிற் பரந்தனும் ஆனையிறவும் இராணுவத்தின் கைக்கு வந்தன. 2011 இற் சங்குப்பிட்டியிற் பாலம் அமைந்தது. 2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் ஓடத் தொடங்கிற்று.

இன்று பரந்தனில் இருந்து மிதிக்கும் இளைஞன் எவரையும் வழி கேட்பதில்லை. தார் வீதியால் நேரே செல்கிறான். இருமருங்கும் நீர் மின்னுகிறது. கிழக்கே ஊரியான் பக்கம் அவன் திரும்பிப் பார்ப்பதற்குக் காரணமும் இல்லை. அவன் தந்தையின் வண்டி வீட்டுக் கோடியிற் சாத்திக் கிடக்கலாம். அதன் கரியரில் கயிறு உராய்ந்த தடம் இன்னும் இருக்கும்.